உஷார்! ஓடுகிற வயதில் பிள்ளையை இருத்தி வைக்காதீர்கள்

கிளிநொச்சி கண்டாவளைப் பக்கம் நாலு வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்காரருக்கு இன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் பிள்ளையை முற்றத்துக்குக் கூப்பிட்டு ஒற்றைக் காலில் கெந்தச் சொல்லுங்கள். முதலில் நீங்கள் கெந்திக் காட்டுங்கள். அம்மா கெந்துகிற வடிவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பிள்ளையும் வரும். பிறகு ஆறடி தள்ளி நின்று ஒரு பெரிய பந்தை மெல்ல எறியுங்கள். கடைசியாக, நிலத்தில் சப்பாணி கட்டி இருக்க விட்டு, எழும்பி ஓடி வரச் சொல்லுங்கள். எழும்பும்போது அதன் கை எங்கே போகிறது என்று கவனமாகப் பாருங்கள். இந்த மூன்றாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்; அதை மட்டும் விளையாட்டாக எடுக்கவேண்டாம்.

நாலு வயதுப் பிள்ளை பெரிய பந்தை அனேகமாகப் பிடித்துவிடும். ஒற்றைக் காலில் சில விநாடி தள்ளாடியாவது நிற்கும். ஐந்து வயதாகும்போது பெரும்பாலான பிள்ளைகள் கெந்துவார்கள். உங்கள் பிள்ளைக்குப் பந்து நெஞ்சில் பட்டு விழுந்த பிறகுதான் கை மடிகிறதா? கெந்தச் சொன்னால் காலைக் கிளப்பவே பயந்து உங்கள் சட்டையைப் பிடிக்கிறதா? உடனே ‘மொக்கு’, ‘சோம்பேறி’ என்று ஏசாதீர்கள். அதன் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கணக்குப் பாருங்கள்.

காலையில் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் இருத்தி, அரைக் கட்டைத் தூரத்தில் உள்ள முன்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறோம். அங்கே கும்பிட்டு முடிய, இடாப்பு முடிய, கொப்பி விரிகிறது. பதினொன்றரை மணிக்கு மறுபடியும் மோட்டார் சைக்கிள். சோறு தீத்துவதற்கு ஒரு யூரியூப் பாட்டு. பகல் நித்திரை. எழும்பினால், அம்மா வேலையால் வரும்வரைக்கும் அம்மம்மாவின் கையில் இருக்கிற போன். அம்மம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. முழங்கால் நோவோடு நாலு வயதின் பின்னால் வளவு முழுக்க ஓட அவரால் முடியாது. போன் கொடுத்தால் பிள்ளை கிணற்றடிக்குப் போகாது. ஆனால் காலையிலிருந்து இரவு வரை அந்தப் பிள்ளை எத்தனை நிமிடம் ஓடியது என்று கூட்டிப் பார்த்தால் நெஞ்சு திக்கென்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 3, 4 வயதுப் பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்துத் திரியவேண்டும். அதில் குறைந்தது 60 நிமிடம் மூச்சு வாங்குகிற ஓட்டமும் பாய்ச்சலுமாக இருக்கவேண்டும். கதிரையிலோ வண்டிலிலோ ஒரேயடியாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது. போன், ரிவி எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. நித்திரை 10 முதல் 13 மணித்தியாலம். நமது முன்பள்ளி ஒரு நாளில் நடப்பதும் ஏறக்குறைய 180 நிமிடம்தான். அந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

மூச்சு வாங்க, வேர்க்க வேர்க்க ஓடுவதைத்தான் மருத்துவர்கள் ஏரோபிக் பயிற்சி என்கிறார்கள். அதற்காக நாலு வயதை வரிசையில் நிறுத்தி விசில் ஊதி மைதானத்தைச் சுற்ற வைக்கப் புறப்படாதீர்கள். பிள்ளைகள் அப்படி ஓடுவதில்லை. அமெரிக்காவில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளின் அசைவை விநாடி விநாடியாகக் குறித்து 1995இல் வெளியான ஆய்வு ஒன்றில், அவர்கள் கடுமையாக ஓடிப் பாய்கிற வீச்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து 15 விநாடிக்குள் முடிந்துவிட்டன. ஓடும், நிற்கும், குந்தி எறும்பைப் பார்க்கும், திடீரென்று மறுபடி ஓடும். வெளியில் நின்று பார்ப்பவருக்கு அது ‘குழப்படி’. உண்மையில் நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் அந்த வயதில் பயிற்சி கிடைக்கிற முறையே அதுதான்.

அதே குழப்படிக்குள்தான் கை, கால், கண் ஒன்றோடொன்று பேசப் பழகுகின்றன. பிள்ளை ஒவ்வொரு தடவை பாயும்போதும் உள்காதில் உள்ள சமநிலை உறுப்பும், மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள நரம்புகளும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. நினைத்த இடத்தில் கால் விழுந்ததா, ஒரு சாண் தள்ளி விழுந்ததா என்று சிறுமூளை ஒப்பிட்டுப் பார்த்து, அடுத்த பாய்ச்சலைத் திருத்துகிறது. இப்படி ஆயிரம் தடவை பிழைத்தால்தான் ஆயிரத்தோராவது சரி வரும். பிழைப்பதற்கு நேரமும் இடமும் கொடுக்காத பிள்ளைக்கு எந்த ரீச்சரும் இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

இதில் ஒரு பொல்லாத சுழற்சி இருக்கிறது. கால் சரியாக வராத பிள்ளை ஓடும்போது வீணாகச் சக்தியைச் செலவழித்துச் சீக்கிரம் களைக்கிறது. களைத்ததும் ஓரமாகப் போய் இருக்கிறது. ஓடிப் பிடிக்கிற விளையாட்டில் எப்போதும் அதுதான் முதலில் பிடிபடும். ஆகவே மற்றப் பிள்ளைகளும் அதைச் சேர்ப்பது குறைவு. இருக்க இருக்கக் கால் இன்னும் பின்தங்குகிறது. அமெரிக்காவின் தென் கரோலைனாவில் 3, 4 வயதுப் பிள்ளைகள் 198 பேரைப் பார்த்து 2008இல் வெளியான ஆய்வில், ஓட்டம், பாய்ச்சல், எறிதல் போன்றவற்றில் திறமையாக இருந்த பிள்ளைகளே மூச்சு வாங்குகிற விளையாட்டிலும் கூடுதல் நேரம் இருந்தார்கள் என்று கண்டார்கள். அந்த மூலையில் தனியாக இருக்கிற பிள்ளையை ‘அமைதியான பிள்ளை, கரைச்சல் இல்லை’ என்று நாம் பாராட்டுகிறோம். அங்கேதான் உஷாராக இருக்கவேண்டும்.

அடுத்தது கொப்பி. இதைச் சொன்னால் கோபப்படுவோர் இருக்கிறார்கள், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். முன்பள்ளியில் பிள்ளை மண்ணோடு வீட்டுக்கு வந்தால் ‘அங்கை என்ன படிப்பிக்கினம்?’ என்று கேட்கிறோம். பக்கம் பக்கமாக ‘அ’ எழுதி வந்தால் நல்ல முன்பள்ளி என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்கிறோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதிலேயே வந்து விழுந்துவிட்டது. ஆசிரியை என்ன செய்வார்? அவருக்குக் கிடைக்கிற கொடுப்பனவு சொல்லிக்கொள்ளும்படியானது அல்ல. பிள்ளைகள் குறைந்தால் அதுவும் ஆட்டம் காணும். பெற்றோர் கேட்பதைத்தான் அவர் கொடுப்பார்.

ஒரு பெரிய ஆளின் மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் ஏறக்குறைய மூன்றுதான் எலும்பாகத் தெரியும். மிச்சம் இன்னும் குருத்தாகவே இருக்கும். ஐந்து, ஆறு வயதாகும்போதுதான் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் எலும்பாகத் தொடங்கியிருக்கும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துக் கோட்டுக்குள் எழுதச் சொல்கிறோம். எழுதுவதற்கு விரல் மட்டும் போதாது. உடம்பு நிமிர்ந்து இருக்க நாரியும் வயிறும் வேண்டும். கை ஆடாமல் நிற்கத் தோள் வேண்டும். அந்தத் தோளும் நாரியும் மரத்தில் தொங்கியும், ஊஞ்சலில் உன்னியும், வாளியில் தண்ணீர் தூக்கியும் வருபவை. ஓட விடாமல் எழுத வைத்தால் எழுத்தும் வராது என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

போனைப் பற்றி எல்லோரும் எல்லாம் சொல்லியாகிவிட்டது. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கனடாவின் கல்கரியில் 2,441 தாய்மாரையும் பிள்ளைகளையும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2 வயதில் திரையை அதிகம் பார்த்த பிள்ளைகள் 3 வயதில் செய்த வளர்ச்சிப் பரிசோதனையில் பின்தங்கினார்கள். 3 வயதில் அதிகம் பார்த்தவர்கள் 5 வயதில் பின்தங்கினார்கள். அந்தப் பரிசோதனையில் பேச்சோடு கால் அசைவும் கை வேலையும் அடக்கம். திரை மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் திரைக்கு முன்னால் இருக்கிற பிள்ளை அந்த நேரத்தில் ஓடவில்லை என்பதற்கு ஆய்வு தேவையில்லை. சோறு தீத்தும்போது போனை எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் அழும், ஒரு வாய் குறைவாகச் சாப்பிடும். மூன்றாம் நாள் பசிக்கும்.

தவழுகிற பிள்ளை உள்ள வீடுகளுக்கும் ஒரு சொல். வட்டமாக இருந்து, நடுவில் பிள்ளையை இருத்தி, சில்லில் ஓடுகிற வோக்கர் நடை பழக்குவதில்லை. படியில் உருண்டும், அடுப்படிக்கு ஓடிச் சுடுதண்ணீரை இழுத்தும் பிள்ளைகள் காயப்பட்டதால் கனடா 2004இலேயே அதன் விற்பனையை அடியோடு தடை செய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் தடை கேட்டு நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து மாமா காசு அனுப்பி வாங்கியது என்பதற்காகப் பிள்ளையை அதில் விடாதீர்கள். பிள்ளை பின்னால் நின்று தானே தள்ளிப் போகிற பழைய மர நடைவண்டி வேறு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அதில் பயமில்லை.

இனி, ஏன் வெளியே விடுவதில்லை என்று கேட்டால் நம் ஊரில் வருகிற பதில். அந்தப் பயத்தை நான் பகிடி பண்ணமாட்டேன். இன்றைய அப்பாவும் அம்மாவும் 2008, 2009 போரில் பதுங்குகுழிக்கும் தறப்பாள் கொட்டிலுக்கும் நடுவில் வளர்ந்தவர்கள். வெளியே ஓடாதே என்பதுதான் அவர்களின் உயிரைக் காப்பாற்றிய சொல். மீள்குடியேறிய பிறகும் மண்டையோட்டுப் பலகை நட்ட காணிகளைப் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனார்கள். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் சேர்ந்தது. வன்னியில் அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. பற்றைக்குள் துருப்பிடித்த இரும்பு எதையாவது பிள்ளை கண்டால் தொடாமல் வந்து பெரியவருக்குச் சொல்லவேண்டும் என்று மூன்று வயதிலேயே பழக்குங்கள். பெரியவர்களும் தொடவேண்டாம், கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

மிதிவெடியை விட இப்போது எனக்குப் பயம் தண்ணீர். கட்டில்லாத கிணறு, மழைக்கு நிரம்பும் வாய்க்கால், மணல் அள்ளிவிட்டு மூடாமல் போன கிடங்கு. வெளியே பார்த்தால் கணுக்கால் தண்ணீர்போல் இருக்கும். உள்ளே ஆள் ஆழம். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது முரசுமோட்டை, கண்டாவளை வீடுகளுக்குள் எவ்வளவு விரைவாக வெள்ளம் வந்தது என்று ஊருக்குத் தெரியும். இதோடு பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் பறக்கிற ரிப்பர்கள், வைக்கோலுக்குள் கிடக்கிற விரியன்.

இத்தனையும் உண்மை. அதற்குப் பரிகாரம் பிள்ளையைக் கதிரையில் இருத்துவது அல்ல, வேலியை அடைப்பது. கொழும்பில் மாடி வீட்டில் இருப்பவருக்குப் பிள்ளையை ஓடவிட இடமில்லை, அவர் அழலாம். கண்டாவளையில் கால் ஏக்கர், அரை ஏக்கர் வளவு இருந்தும் பிள்ளை ஓடவில்லை என்றால் அது நாம் தேடிக்கொண்ட குறை. முழு வளவையும் அடைக்கக் காசில்லாவிட்டால் வீட்டுக்கு முன்னால் ஒரு துண்டை மட்டும் கிடுகாலோ பழைய வலையாலோ அடையுங்கள். நெருஞ்சியைப் புடுங்கி, புல்லைச் செருக்கி, கிணற்றுக்கு மூடி போடுங்கள். வெறுங்காலோடு ஓடினால் பாதம் நிலத்தைப் பிடிக்கப் பழகும்; ஆனால் மலசலகூடப் பக்கத்து ஈர மண்ணில் கொக்கிப்புழு ஏறும், அங்கே செருப்பு வேண்டும். ‘வளருவான்தானே’ என்று இரண்டு அளவு பெரிய செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை தடக்கி விழுகிறது என்று முறைப்படவும் கூடாது.

எங்கள் முன்பள்ளியில் விளையாட்டு விழா நடக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நடக்கட்டும், நானும் போய்க் கை தட்டுகிறேன். ஆனால் பந்தலில் இருந்து பார்த்ததைச் சொல்லவேண்டும். விழாவுக்கு முன் வாரக்கணக்கில் அணிநடையும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் பழக்குகிறார்கள். பழக்குவது என்றால், முன்வரிசையில் நாலு பேர் ஆடுவார்கள், மிச்சப் பேர் வெயிலில் கை நீட்டியபடி நிற்பார்கள். விழா அன்று விருந்தினர் வரும்வரை ஒரு மணித்தியாலம் காத்திருப்பு. பிறகு முயல் பாய்ச்சல், பழம் பொறுக்குதல், பலூன் உடைத்தல். ஒரு பிள்ளைக்கு வருவது ஒரு நிகழ்ச்சி, அரை நிமிட ஓட்டம். அதில் கடைசியாக வருகிற பிள்ளையை ஒலிவாங்கியில் பகிடி சொல்லி ஊரே சிரிக்கும். கெந்தத் தெரியாத பிள்ளை ஓட்டத்தையே வெறுக்க அந்த ஒரு பகிடி போதும். நாளாந்தம் வளவில் ஓடுகிற அரை மணித்தியாலத்தை இந்த விழா ஈடு செய்யாது.

வெயிலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் ஒன்பது மணிக்கே மணல் சுடும். ஓட்டத்தை முன்பள்ளி தொடங்கியதும் வையுங்கள், கொப்பியைப் பிறகு பாருங்கள். கால் மணிக்கு ஒருக்கா தண்ணீர். பிள்ளை கேட்கும்வரை காத்திருக்கவேண்டாம், விளையாட்டில் அதற்குத் தாகம் தெரியாது. காலைச் சாப்பாடு இல்லாமல் வந்த பிள்ளைக்கு முதலில் கஞ்சி, பிறகு ஓட்டம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வீட்டில் காலையில் அடுப்பு எரிகிறது என்பது ரீச்சர்மாருக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது அந்த மூன்றாவது சோதனை. நிலத்தில் இருந்து எழும்புகிற பிள்ளை முதலில் குப்புறத் திரும்பி, கையை நிலத்தில் ஊன்றி, பிறகு முழங்காலிலும் தொடையிலும் கை வைத்துத் தன் உடம்பிலேயே ஏறுவதுபோல் நிமிர்கிறதா? ஆண் பிள்ளையா? கெண்டைக்கால் மட்டும் வயதுக்கு மீறித் தடித்திருக்கிறதா? மாடிப்படியில் பின்தங்குகிறதா? ஓட வைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு நாளும் இருக்காதீர்கள். தசை நலிவு நோயில் இப்படி வரும். அந்தப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி ஓட வைப்பது தீங்கு. தருமபுரம் வைத்தியசாலையிலோ கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ காட்டி, குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள்.

நேற்றுவரை நடந்த பிள்ளை இன்று தள்ளாடினால், செய்துவந்த ஒன்றை மறந்தால், ஒரு பக்கக் கை காலை மட்டும் பாவித்தால், ஓடும்போது உதடு நீலமானால் நாள் கடத்தவே கூடாது. இரண்டு படி ஓடியதும் இளைக்கிற, வெளிறிய பிள்ளைக்கு இரத்தச்சோகையோ இழுப்போ இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் பொத்தான் போடவும் பந்து பிடிக்கவும் வராத பிள்ளைகளும் உண்டு. பள்ளி வயதில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு அசைவு ஒருங்கிணைப்பில் உண்மையான குறைபாடு இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அவர்களுக்குத் தேவை அடி அல்ல, பயிற்சி. குடும்பநல உத்தியோகத்தர், நம் ஊர் வாயில் ‘மிட்வைப் மிஸ்’, வீட்டுக்கு வரும்போது நிறையை மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை விரித்து வைத்து, ‘பிள்ளை இந்த வயதுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுதா மிஸ்?’ என்று கேளுங்கள். 3 வயது ஊசிக்குப் போகும்போதும் கேளுங்கள், 5 வயது ஊசிக்குப் போகும்போதும் கேளுங்கள். அந்தப் பதிவேட்டைப் பலர் ஊசித் துண்டாக மட்டும் வைத்திருக்கிறார்கள்.

நோய் இல்லாத பிள்ளைக்கு வேண்டியவை வளவிலேயே கிடக்கின்றன. எட்டுக்கோட்டை முழுதாக விளையாட நாலு வயதுக்குத் தெரியாது. கோடு கீறி அதற்குள் இரண்டு காலாலும் பாய விடுங்கள், கெந்தல் தானாக வரும். பழைய சைக்கிள் ரயர் ஒன்றை உருட்டிக்கொண்டு ஓடினால் கண், கை, கால், மூச்சு நாலுக்கும் ஒரே நேரத்தில் வேலை. வேம்பின் தாழ்ந்த கொப்பில் தொங்க விடுங்கள், கீழே மணல் குவித்துவிட்டு. காலுறையைச் சுருட்டிப் பந்து செய்தால் பட்டாலும் நோகாது. பந்துக்குப் பயப்படுகிற பிள்ளை அதில்தான் பிடிக்கப் பழகும். முன்பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாளாவது மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு, வீதி பயமில்லாத ஒழுங்கைகளால் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் முற்றம் சேறாகிவிட்டால் விறாந்தையில் தலையணைகளை வரிசையாக அடுக்கி மேலால் நடக்க விடுங்கள், பாட்டுப் போட்டு ஆட விடுங்கள். ஆடுவது சினிமாப் பாட்டாகவே இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் போனைப் பார்த்து ஆட வேண்டாம், உங்களைப் பார்த்து ஆடட்டும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் போங்கள், போய்க் கடைசி வரிசையில் இருந்துவிட்டு வராதீர்கள். விளையாட்டு விழாவுக்கு எத்தனை ரூபா சேர்க்கிறோம் என்று நிர்வாகம் சொல்லும். அதில் பந்தலுக்கும் கேடயத்துக்கும் போகிற காசில் எத்தனை பந்து, எத்தனை கயிறு, எத்தனை பாகம் வேலி வாங்கலாம் என்று கேளுங்கள். ஒரு நாளில் எத்தனை நிமிடம் பிள்ளைகளை வெளியே விடுகிறீர்கள் என்று கேளுங்கள். ரீச்சர் தயங்கினால், ‘கொப்பி குறைஞ்சால் நாங்கள் குறை சொல்லமாட்டம்’ என்று எழுந்து நின்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். அதை அவர் உங்கள் வாயிலிருந்து கேட்கவேண்டும்.